ரோஸ் கலர் டிரில்

இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்திரண்டு வயது, சீடருக்கு ஐம்பத்தாறு. தாடி சீடருக்குத்தான் இருந்தது. அதுவும் சவரம் செய்ய நேரம் கிடைக்காமல் வளர்ந்த தாடி.

குருவின் பெயர் பௌசியா. பல்லடம் கடைவீதியில், டூவீலர் உதிரிபாகக் கடைக்கு மேல் மாடியில் அவருடைய பட்டறை. நூல் அறுந்ததும் விசைத்தறியை நிறுத்துகிற சர்க்யூட் போர்டுகளை அங்கே தன் கையாலேயே செய்து விற்று வந்தார். எதைக் கேட்டாலும் அவர் நேராகப் பதில் சொல்வதில்லை. கையில் ஏதாவது ஒரு பொருளைக் கொடுத்து, "செஞ்சு பாருங்க" என்பார். கோபித்துக்கொண்டு படியிறங்கிப் போனவர்கள் உண்டு. தறி நின்றதும் அவர்களே மறுபடி படியேறி வந்தார்கள்.

சீடர் நாச்சிமுத்து. காரணம்பேட்டைக்குப் பக்கத்தில் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்கிறவர். முட்டைகளை அடை வைக்க அவரிடம் கோழி கிடையாது. பீரோ அளவில் ஓர் இன்குபேட்டர் இருந்தது. உள்ளே பல்புகள், ஒரு விசிறி, சூட்டுக்குத் தகுந்தபடி பல்புகளை அணைத்து ஏற்ற ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. அந்த போர்டு ஒழுங்காக வேலை செய்தால் குஞ்சு வரும், இல்லாவிட்டால் அவித்த முட்டைதான் வரும்.

போன மாசியில் அந்த போர்டு கெட்டது. இன்குபேட்டரை விற்றவரைக் கூப்பிட்டார். "நாளைக்கு வரேன்" என்றார் அவர். மறுநாளும் அதையே சொன்னார். நாச்சிமுத்துவும் மனைவி சாமியாத்தாளும் மாறி மாறி உட்கார்ந்து, சூடு நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டாதபடி தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்துக் கையாலேயே பல்புகளை அணைத்து ஏற்றினார்கள். ஒரு மத்தியானம் நாச்சிமுத்துவுக்குக் கண் அசந்துவிட்டது. விழித்தபோது அத்தனை முட்டையும் வெந்திருந்தது. உடைத்துப் பார்த்த ஒவ்வொன்றிலும் இறகு முளைத்த குஞ்சு சுருண்டு கிடந்தது. தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து, சாமியாத்தாள் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அழுது முடித்ததும் சொன்னார்.

"இனி எவன் வாசல்லயும் போயி நிக்க மாட்டேன். அந்த போர்டை நானே செய்வேன்."

மறுநாள் பௌசியாவின் வாசலில் போய் நின்றார்.

"போர்டு வேணுங்களா, போர்டு செய்யத் தெரியணுங்களா?"

"தெரியணும் அம்மிணி."

"அப்ப செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்ணா."

தீட்சை அவ்வளவுதான்.

வாரத்தில் இரண்டு நாள் வந்தார். ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் வைக்கக் கற்றார். சர்க்யூட் படத்தைப் பளபளப்புத் தாளில் பிரிண்ட் எடுத்து, செம்பு ஒட்டிய அட்டையின் மேல் கவிழ்த்து, மை அட்டையில் ஒட்டும்படி இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கக் கற்றார். பிறகு அட்டையைக் கரைசலில் ஊறப்போட்டால், கறுப்பு மை மூடிய இடத்தில் மட்டும் செம்பு தங்கும், மற்றதெல்லாம் கரைந்து போகும். அது பிடிபட்ட அன்றைக்கு, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு இறங்கும் வரை அதையே விளக்கிக்கொண்டு போனார். பாவம், அவர் கல்யாணத்துக்குப் போகிறவர்.

ஐப்பசியில் நாச்சிமுத்து மறுபடியும் முட்டை அடை வைத்தார். பழைய போர்டு ரிப்பேராகி வந்திருந்தது. ஆனால் அதை நம்ப முடியவில்லை. சில சமயம் பல்பை அணைக்காமல் அப்படியே நின்றுவிடும், ஒரு தட்டு தட்டினால்தான் நினைவு வரும். முட்டைகளுக்குள் ரத்தக் கோடுகள் ஓட ஆரம்பித்திருந்தன. அது முழுசாகக் கெட்டுத் தொலைவதற்குள் தன்னுடைய போர்டை மாட்டிவிட வேண்டும் என்று அவர் துடித்தார்.

பௌசியா கொடுத்த பிரிண்டை வைத்துப் போர்டையும் செய்துவிட்டார். பாகங்களின் கால்கள் நுழைவதற்குச் செம்பு வட்டங்களின் நடுவில் பொடி ஓட்டைகள் போடுவது மட்டும்தான் பாக்கி. அங்கேதான் சிக்கிக்கொண்டார். சுவரில் துளை போட வைத்திருந்த பெரிய டிரில்லில், ஊசி கனமே இருந்த துளையிடும் முனைகளான பிட்டுகளை மாட்டி ஒன்றன்பின் ஒன்றாக முறித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, ஒரு பெரிய பையோடு மாடியேறி வந்தார்.

"டீச்சர், ஓட்டை போட எந்த மிஷின் வாங்கட்டும்னு சொல்லுங்க."

சாதாரண நாளில் அம்மிணி. காரியம் ஆகவேண்டிய நாளில் டீச்சர்.

பையிலிருந்து மூன்று கையடக்க டிரில்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். ஹார்டுவேர் கடைக்காரர் பழக்கமானவர். ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

முதலாவது கறுப்பு, நல்ல கனம். இரண்டாவது பெட்டியோடு வந்தது. அறுக்க, அரைக்க, தேய்க்க, பாலிஷ் போட என்று பெட்டி முழுக்க விதவிதமான முனைகள். மூன்றாவது பேனாவைவிடக் கொஞ்சம் பருமன், ரோஸ் கலர். பாசிமணியிலும் கிளிஞ்சலிலும் ஓட்டை போட்டு மாலை கோக்கிறவர்கள் வாங்குவது.

"இது எதுக்குங்ணா?" பௌசியா ரோஸ் கலரைக் காட்டிக் கேட்டார்.

"கடைக்காரன் சும்மா பையில போட்டு உட்டுட்டான். அதை உடுங்க. இதைப் பாருங்க." கறுப்பை முன்னால் தள்ளினார். "இதுல கிணத்துக்கே போர் போடலாம்."

"கிணத்துலயா போடப் போறீங்க?"

"இல்லீங்க."

"போர்டு எங்கீங்ணா?"

"அது வீட்ல பத்திரமா இருக்குதுங்க. போர்டைப் பத்திக் கவலையே வேண்டாம். ஒரு குறை சொல்ல முடியாது."

பௌசியா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மேற்கொண்டு அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு பால்பாயிண்ட் பேனாவைப் பிரித்து ரீஃபில்லை எடுத்து, கறுப்பு டிரில்லின் வாயில் மாட்டினார். ஒரு காகிதத்தை நகர்த்தி வைத்தார்.

"உங்க பேரை எழுதுங்க."

"சுவிட்சைப் போட வேண்டாங்களா?"

"வேண்டாம். எழுதுங்க."

நாச்சிமுத்து கறுப்பைத் தூக்கி எழுதினார். முதல் எழுத்திலேயே காகிதம் கிழிந்தது. பெட்டியோடு வந்ததில் பெயர் முழுக்க வந்தது, ஆனால் அது யார் பெயர் என்று அவரிடமே கேட்க வேண்டியிருந்தது. ரோஸ் கலரில் எழுதினார். பேங்க்கில் போடுகிற கையெழுத்து, கீழே இழுக்கிற கோடு உட்பட, அச்சாக வந்தது.

அவருக்கு அது பிடிக்கவில்லை.

"எழுதிட்டாப் போதுங்களா? வேகம் வேண்டாமா?"

பௌசியா எழுந்துபோய்க் கை கழுவும் இடத்திலிருந்து நீலத் துணிசோப்பைக் கொண்டுவந்தார். ரீஃபில்லுக்குப் பதிலாகத் தையல் ஊசியை மாட்டினார்.

"இப்ப சுவிட்சைப் போடுங்க. ஊசி முனையைச் சோப்புல தொட்டும் தொடாம வச்சு எடுங்க."

கறுப்பு உறுமியது. தொட்டு எடுத்தார். சோப்பில் கடுகளவு வட்டம் ஒன்று விழுந்திருந்தது. பெட்டியோடு வந்ததும் வட்டம்தான் போட்டது, கொஞ்சம் சின்ன வட்டம். ரோஸ் கலர் கொசு மாதிரி சத்தம் போட்டது. தொட்டு எடுத்தார். எங்கே தொட்டது என்று தேட வேண்டியிருந்தது. கண்ணைக் கிட்டே கொண்டுபோனபோது ஒரு புள்ளி தெரிந்தது.

நாச்சிமுத்து மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஊசிக்கு ஒரு முனைதானுங்க இருக்குது. வட்டம் எப்படி வந்துச்சு?"

பௌசியா ஊசியைக் கழற்றிவிட்டு, அதே கறுப்பின் வாயில் ஒரு பிட்டை மாட்டி அவர் கையில் கொடுத்தார். அவர் சுவிட்சைப் போட்டார். பிட்டின் முனை ஒரு இடத்தில் நிற்காமல் சுற்றிச் சுற்றி அலைந்தது. நிறுத்தினார். மறுபடி போட்டார். மறுபடியும் அலைந்தது.

"அட, வாயே கோணலா இருக்குது! அதான் எல்லாம் முறிஞ்சுதுங்களா?"

"வீட்ல இருக்கற பெரிய டிரில்லையும் இதே மாதிரி சோப்புல வச்சுப் பாருங்க."

"அது சோப்பையே ரெண்டாக்கிப் போடுமுங்க."

ரோஸ் கலரைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். முகம் கோணியது.

"இதைத் தூக்கிட்டு ஊருக்குள்ள போனா என்னைய எவன் மதிப்பான்?"

"முட்டைக்குள்ள இருக்கற குஞ்சு கலர் பாக்குதுங்களா?"

நாச்சிமுத்து சிரித்துவிட்டார். ரோஸ் கலரைத் துண்டில் சுற்றி, பைக்கு அடியில் வைத்து எடுத்துப் போனார். துண்டு தேவைப்பட்டது ஊராருக்காக.

வியாழக்கிழமை பிற்பகலில், படியில் காலடிச் சத்தம் கோபமாகக் கேட்டது.

நாச்சிமுத்து உள்ளே வந்ததும் ஒரு தீப்பெட்டியைத் திறந்து மேஜையில் கவிழ்த்தார். முறிந்த பிட்டுகள் கொட்டின.

"உங்க சோப்புல புள்ளி வச்சுதே, அந்த மிஷின் என்னோட போர்டுல கோடு போடுது. வட்டத்து நடுவுல வச்சா, வழுக்கிட்டு ஓரத்துக்கு ஓடுது. அமுக்குனா முறியுது. இதைத் திருப்பிக் குடுத்துட்டு, பெட்டியோட இருந்ததை வாங்கிட்டுப் போகப் போறேன். அதுலயாவது நாலு முனை சேந்தாப்ல இருக்குது."

"போர்டைக் கொண்டு வந்திருக்கீங்களா?"

"ம்."

முட்டைக்கு வைக்கிற பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பிரித்து வைத்தபோது கோபத்தையும் மீறி முகத்தில் பெருமை வந்துவிட்டது. செம்புக் கோடுகள் சீராக ஓடின. அவற்றின் முனையில் வட்டங்கள், ஒவ்வொன்றும் அழுத்தமாக வைத்த பொட்டு மாதிரி முழுசாகப் பளபளத்தன. ஏழெட்டு வட்டங்களில் மட்டும் பிட்டு வழுக்கிய கீறல்.

பௌசியா லென்ஸை எடுத்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றார் நாச்சிமுத்து, குரலைத் தணித்து. "நீங்க குடுத்த பிரிண்ட்லதானுங்க கொஞ்சம் குறை இருந்துச்சு. ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவுல ஊசி முனையத்தனை இடத்துல மை பிடிக்கலை. அப்படியே கரைசல்ல போட்டா அந்த இடம் பொத்தலாயிருமுங்களே. சாமியாத்தா லென்ஸ் பிடிச்சா. ஒண்ணு விடாம மார்க்கர்ல அடைச்சுட்டேன்."

"ஒண்ணு விடாமயா?"

"ஒண்ணு விடாம. முட்டை ஓட்டுல மயிரிழை விரிசல் இருந்தாலும் மெழுகு தொட்டு அடைச்சிருவேனுங்க. இல்லாட்டி உள்ள காத்துப் பூந்து கெட்டுப் போகும். அதுல பழகின கண்ணு, பொத்தலைப் பாத்தா உடாது."

பௌசியா அலமாரியிலிருந்து ஒரு தறி போர்டை எடுத்தார். அதுவும் கரைசலில் இருந்து வெளிவந்தது, இன்னும் ஓட்டை போடாதது. நாச்சிமுத்துவின் போர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் கையில் தையல் ஊசியைக் கொடுத்தார்.

"கண்ணை மூடுங்ணா."

"எதுக்குங்க?"

"மூடுங்க."

மூடினார். பௌசியா அவர் கையைப் பிடித்துத் தன் போர்டின் ஒரு வட்டத்தின் மேல் ஊசியை நிறுத்தினார்.

"அமுக்காம, மெதுவா நகத்துங்க."

ஊசி செம்பில் வழுக்கியது. கொஞ்ச தூரம் போனதும் எதிலோ இறங்கி நின்றது. நாச்சிமுத்து தள்ளிப் பார்த்தார். நகரவில்லை.

"நின்னுக்குச்சுங்க."

"அடுத்ததுல."

அடுத்ததிலும் நின்றது. அதற்கு அடுத்ததிலும்.

இப்போது பௌசியா அவர் கையை அவருடைய போர்டுக்கு நகர்த்தினார். ஊசி வட்டத்தில் வழுக்கி, வட்டத்தைத் தாண்டி, போர்டைவிட்டே இறங்கி மேஜையில் குத்தியது.

நாச்சிமுத்து கண்ணைத் திறந்தார். லென்ஸை வாங்கிப் பௌசியாவின் போர்டைப் பார்த்தார். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும், செம்பு இல்லாத ஒரு சின்னஞ்சிறு குழி. தன் பிரிண்டில் பார்த்த அதே இடம், அதே அளவு.

"பிட்டு உக்காரதுக்கு விட்ட எடமுங்களா?"

பௌசியா தலையசைத்தார்.

"அதையா ராத்திரிச் சோறுகூடத் திங்காம உக்காந்து அடைச்சேன்?"

அவருக்கே சிரிப்பு வருவதற்குள் அவருடைய போன் அடித்தது. சாமியாத்தாள். அவர் போனைக் காதில் வைத்தாலும் அறை முழுக்கக் கேட்கிற குரல்.

"ஏனுங்க, அந்தப் பாழாப்போன போர்டு நின்னுபோச்சு. தட்டிப் பாத்துட்டேன், குத்திப் பாத்துட்டேன். பல்பு அணையவே மாட்டேங்குது. பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிட்டிருக்கேன். பொழுது சாயறதுக்குள்ள வந்துருங்க. இன்னிக்கு எனக்கும் தலையெல்லாம் சுத்துது."

நாச்சிமுத்துவின் முகம் வெளிறிப் போனது. மாசி மாதத்துக் குழி அவர் கண் முன்னால் வந்திருக்க வேண்டும்.

"டீச்சர்." குரல் உடைந்தது. "நீங்களே ஓட்டை போட்டுக் குடுத்துருங்க. உங்களுக்குப் பத்து நிமிஷ வேலை. உங்களக் கும்பிட்டுக்கறேன்."

பௌசியாவின் டிரில், ஸ்டாண்டில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. அவர் அதன் பக்கம் திரும்பவில்லை.

"போனை ஸ்பீக்கர்ல போட்டு மேஜைல வைங்ணா." பிறகு போனைப் பார்த்துச் சொன்னார். "அக்கா, சூடு எவ்வளவு ஆச்சுன்னு சொல்லிட்டே இருங்க. நிறுத்தாமப் பேசுங்க. பேசினாக் கண் அசராது."

"அதுக்கென்ன அம்மிணி, நாள் பூராப் பேசுவேன்."

பௌசியா ஒரு கூரான சின்ன ஆணியையும் சின்னச் சுத்தியலையும் எடுத்து நாச்சிமுத்துவின் முன்னால் வைத்தார்.

"ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவுல ஒரு குத்து வைங்க. குழி விழுந்தாப் போதும்."

நாச்சிமுத்து எழுந்தே விட்டார்.

"அங்க என்ற முட்டை வெந்துட்டிருக்குது. நீங்க இங்க பாடம் நடத்தறீங்களா? உசுருங்க அது! உங்களுக்கென்ன தெரியும், குழி தோண்டினது நானு!"

பதிலுக்குப் போன்தான் பேசியது.

"அந்தப் புள்ளகிட்ட எதுக்குச் சத்தம் போடறீங்க? நூறு ஆச்சு, பிடுங்கிட்டேன். சொன்னதைச் செய்யுங்க. வாசல் வாசலா நிக்க மாட்டேன்னு என்றகிட்டச் சொன்னது யாரு?"

நாச்சிமுத்து உட்கார்ந்தார். ஆணியை எடுத்து வட்டத்தில் வைத்தார். முதல் குத்து ஓரத்தில் விழுந்தது. இரண்டாவதும் தள்ளித்தான் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது நடுவில் விழுந்தது.

"தொண்ணூத்தெட்டு, சொருகிட்டேன்" என்றது போன். "இந்த வெள்ளாடு வேற கத்துது."

பிறகு கை தன்னால் பழகிவிட்டது. முட்டையை முட்டையோடு மெல்லத் தட்டி, விரிசல் உண்டா என்று காதால் கேட்கிற கை அது. எவ்வளவு மெதுவாகத் தட்ட வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வட்டம் வட்டமாகக் குழிகள் விழுந்தன. எழுந்து நின்று சத்தம் போட்டவர் இப்போது மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

முடிந்ததும் நிமிர்ந்தார். பௌசியா போர்டுக்கு அடியில் ஒரு பழைய பலகைத் துண்டை வைத்து, ரோஸ் கலரில் புது பிட் மாட்டி நீட்டினார்.

"நேராப் பிடிங்க. பேர் எழுதினீங்கல்ல, அந்தப் பிடிதான். அமுக்காதீங்க, அதுவாப் போகட்டும்."

பிட்டின் முனை குழியில் உட்கார்ந்தது. கொசு ரீங்காரம் கொஞ்சம் கனத்தது. அட்டைப்பொடி சுருண்டு வந்தது. ரீங்காரம் மறுபடி லேசானபோது, பிட்டு அந்தப் பக்கம் போயிருந்தது. நாச்சிமுத்து போர்டைத் தூக்கி, முட்டையைப் பார்க்கிற மாதிரி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வட்டத்தின் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

"சாமியாத்தா! ஓட்டை விழுந்துருச்சு! நட்டநடுவுல!"

"சந்தோசம். மிச்சத்தையும் போடுங்க. நூறு ஆச்சு, பிடுங்கிட்டேன்."

போட்டார். ஒரு பிட்டுகூட முறியவில்லை. பாதிக்கு மேல் போனதும் முதுகு நிமிர்ந்துவிட்டது. கடைசி வரிசையில், தொழில்காரன் மாதிரி ஊதிவிட்டு ஊதிவிட்டுப் போட்டார். போன் ஆட்டைப் பற்றியும், ஆட்டை வாங்கியவரைப் பற்றியும், பக்கத்துத் தோட்டத்துக் கல்யாணத்தில் போட்ட ரசத்தைப் பற்றியும் பேசியது. நடுநடுவே நூறையும் தொண்ணூற்றெட்டையும் மறக்காமல் சொன்னது.

பாகங்களை ஓட்டைகளில் நுழைத்தார். ஒவ்வொரு காலும் வழுக்காமல் இறங்கியது. சால்டரிங் வைத்தார். அது அவருக்கு ஏற்கெனவே கைவந்த வேலை. பௌசியா மேஜைமேல் ஒரு பல்பை மாட்டிக் கொடுத்து, சூடான டீ டம்ளரை நகர்த்தி வைத்தார். நாச்சிமுத்து சூடு பார்க்கிற முனையை டம்ளரில் ஒட்டினார். பல்பு அணைந்தது. எடுத்து ஊதினார். பல்பு எரிந்தது. மறுபடி ஒட்டினார். அணைந்தது. சின்னப் பையன் மாதிரி இதையே செய்துகொண்டிருந்தார்.

"டீ ஆறிருச்சுங்ணா" என்றார் பௌசியா. "கிளம்புங்க."

"சாமியாத்தா, வந்துட்டே இருக்கேன். பேச்சை நிறுத்திராத."

போனை அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். போர்டைப் பஞ்சில் சுற்றினார். ரோஸ் கலரைத் துண்டில் சுற்றவில்லை, பையின் மேலேயே வைத்தார். வாசல் வரை போனவர் நின்றுவிட்டார். காரியம் முடிந்தபிறகுதான் பயம் அவரை வந்து பிடித்தது.

திரும்பி வந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்குவீங்களா?"

"கேளுங்ணா."

"நான் குத்துனதுல போர்டு பொளந்திருந்தா? என்ற கையால ஆகாமப் போயிருந்தா? பொழுது சாஞ்சிருக்கும். அவ கண் அசந்திருப்பா. என்ற முட்டையெல்லாம் என்னாயிருக்குமுங்க?"

பௌசியா மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளிருந்து ஒரு போர்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். நாச்சிமுத்துவின் போர்டு எந்தப் படமோ அதே படம். ஓட்டைகள் போட்டு, பாகங்கள் மாட்டி, சால்டரிங் வைத்து, இன்குபேட்டரில் அப்படியே சொருகுகிற மாதிரி முடிந்திருந்தது.

"செவ்வாய்க்கிழமை நீங்க போனதும் செஞ்சு வச்சேன்."

நாச்சிமுத்து அதைக் கையில் எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. கோபமா சந்தோஷமா என்று அவருக்கே தெரியவில்லை. சட்டைப்பைக்குள்ளிருந்து சாமியாத்தாள், "தொண்ணூத்தெட்டு, சொருகிட்டேன்" என்றாள்.

"இது இங்கயே இருந்துச்சுன்னா, நான் அழுதப்பவே குடுத்திருக்கலாமில்லீங்களா? எதுக்கு என்னைய அந்தப் பாடு படுத்தினீங்க?"

பௌசியா அவர் கையிலிருந்து போர்டை வாங்கி, மறுபடி இழுப்பறையில் வைத்து மூடினார்.

"குடுத்திருந்தா, வாங்கிட்டுப் போயிருப்பீங்ணா."